வால் முளைத்த சிவப்புப் பொட்டு

என் லேசர் லெவல் பெட்டியின் மூலையில், பழைய பனியன் துணியில் சுற்றி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் கிடக்கிறது. ரெட் டாட் சைட் என்று பெயர். கைத்துப்பாக்கியின் முதுகில் மாட்டுவது. அதனால் பிரயோசனம் உண்டா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டாயிற்று. ஒரு தடவை உண்டு என்றேன். ஒரு தடவை இல்லை என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, சோறு ஆறுது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் உண்மை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்களில் மூத்தவளை மூத்தவள் என்றும் இளையவளை இளையவள் என்றும் எழுதுகிறேன். நேருக்கு நேர் சொல்வதுபோல் எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கே துப்பாக்கியைத் தொட்டு, பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஏர் பிஸ்டல் சுடப் போனாள். வீட்டில் வைத்துப் பழக அவளுக்கென்று ஒரு பிஸ்டலும் வாங்கினோம். ஏர் பிஸ்டல் என்றால் வெடிமருந்து இல்லாதது. காற்றின் அழுத்தத்தில் ஈயக் குண்டு பாயும். கறுப்பு வட்டம் போட்ட காகிதம் பத்து மீட்டர் தள்ளி நிற்கும். வலது கையை நீட்டி, ஒரே கையால் சுட வேண்டும். பிஸ்டலின் பின்பக்கம் ஒரு தகட்டில் சின்னப் பள்ளம், முன்பக்கம் ஒரு சின்னக் கட்டை. பள்ளத்துக்கு நடுவில் கட்டை நிற்கும்படி பிடித்து, கண்ணைக் கட்டையிலேயே வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை என்று அவள் சொன்னாள். எனக்கு அந்தக் கட்டை ஒருநாளும் ஒழுங்காகத் தெரிந்ததில்லை. மழை நேரத்துத் தந்திக்கம்பம் மாதிரி மங்கித்தான் நிற்கும்.

முதல் வருடம் அவள் சுட்ட குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவாள். பிறகு என்ன ஆயிற்றோ, கொஞ்சம் கொஞ்சமாக அவை தீப்பெட்டி அகலத்துக்குச் சிதறத் தொடங்கின. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஒரு தடவை விட்டுப்போயிற்று. அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்தத் தடவையும் கிட்டல்லன்னா நான் இத விட்டுருவேன் அம்மா. சும்மா சொல்லல்ல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாகிட்ட சொன்னா மொகம் ஒரு மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுங்க."

நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். உள்ளே போனால் கேட்டது தெரிந்துவிடும். திரும்பி ரப்பர் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் போய், ஏதோ தேடுவதுபோல் நின்றுவிட்டு வந்தேன். அந்த மூன்று வாரமும் என் தலைக்குள் இது ஒன்றுதான். பிள்ளை கையில் உள்ளதைக் கீழே போட்டுவிடுவாளோ?

அந்தச் சனிக்கிழமையே உங்கள் மாமன் வந்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு வாங்கி வந்தவன். துப்பாக்கிக் காரியம் என்றால் அவனுக்கு வாய் நிற்காது. மருமகள் சரியாகச் சுடவில்லை என்று அக்கா போனில் சொன்னதும், ஆன்லைனில் ஒரு பொருளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அதுதான் இந்தக் குழாய்.

"அத்தான், இப்ப வெளிநாட்டுப் பட்டாளத்துல எல்லாம் கைத்துப்பாக்கியில இதாக்கும். ரெண்டு சைட்டயும் சேத்துப் பிடிக்காண்டாம். ஒரு செவப்புப் பொட்டு தெரியும். பொட்ட வச்சா அங்க குண்டு. தீந்துது."

சிவப்புப் பொட்டு என்றதும் எனக்குப் பாதி தெரிந்த காரியமாகப் பட்டது. நான் டைல்ஸ் போடுகிறவன். அதியன்னூரிலும் கொல்லயிலிலும் நான் தரை போட்ட வீடுகளில் என் லேசர் லெவலின் சிவப்புக் கோடு விழாத சுவர் கிடையாது. குழாயை வாங்கி, சுவிட்சைத் தட்டி, சுவரைப் பார்த்துப் பிடித்தேன். பொட்டைக் காணோம். வெளிச்சம் அதிகம் என்று ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்தினேன். மின்விசிறியின் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில், கூரைமூலையில் எல்லாம் தேடினேன்.

"மாமா, இது கேடாக்கும்," என்றாள் இளையவள். "பொட்டு எங்கயும் விழல்ல."

மாமன் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏட்டி, அது விழாது. அத்தான், இது உங்க டைல்ஸ் லேசர் இல்ல. சொவர்ல தேடாண்டாம். கொழாய்க்க உள்ள பாருங்க."

உள்ளே பார்த்தேன். ஊதுபத்தி முனை மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு. உருண்டையாக, தெளிவாக. தலையை அசைத்தால் குழாய்க்குள் அதுவும் அசைந்தது. ஆனால் எதிரே இருந்த காலண்டரில் அது நின்ற தேதியை விட்டு நகரவில்லை. எப்படி என்று இன்றைக்கும் எனக்கு மனசிலாகவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பல வருடமாக மங்கலாகவே தெரிந்த முன்கட்டைக்குப் பதில், எனக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்று கிடைத்துவிட்டது. பிள்ளைக்கும் இதுதான் குறை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழாயை மாட்ட வேண்டுமானால் பள்ளம் உள்ள பின்தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றுமுன் அது இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். டைல்ஸ்காரன் கோடு போடாமல் எதையும் எடுக்க மாட்டான். ஆனால் அந்தத் தகட்டில் இரண்டு சின்னத் திருகுகள் இருந்தன. அவள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வைத்த அளவு அதில்தான் இருந்தது. அழுக்கு என்று நினைத்து இரண்டையும் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கினேன். இது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

பொட்டையும், குண்டு பாயும் பிஸ்டல் குழலையும் ஒத்துப்போக வைக்க வேண்டும் என்றான் மாமன். சுட்டுப் பார்த்துத் திருகினால் போதும் என்றும் சொன்னான். எனக்கு அது திருப்தியாக இல்லை. வீட்டுக்குப் பின்னால், மண் வெட்டி எடுத்த திட்டின்மேல் காகிதத்தை மாட்டினேன். குண்டு போடாத பிஸ்டலை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கினேன். லேசர் லெவலை வைத்து, குழலின் உயரத்துக்குக் காகிதத்தில் ஒரு கோடு. குழலுக்கும் பொட்டுக் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் உயரம்; அதே இரண்டு விரலுக்கு மேலே இன்னொரு கோடு. பொட்டு மேல் கோட்டில் நிற்கும்வரை பொட்டுக் குழாயின் திருகைத் திருகினேன். அரை மணிநேரம் ஆயிற்று. இரண்டும் சமதூரத்தில் ஓடுகின்றன. தலைமுடி அளவுகூட ஏற்றத்தாழ்வு கிடையாது.

முதலில் நான் சுட்டேன். வட்டத்தின் நடுவில் பொட்டை வைத்து ஐந்து குண்டு. போய்ப் பார்த்தால், ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. ஆனால் வட்டத்தின் நடுவுக்கு இரண்டு விரல் கீழே.

"அப்பா நல்லா சுட்டாச்சு," என்றாள் இளையவள். "சுட்ட எடந்தான் வேற."

துப்பாக்கி கேடு என்றேன். மூத்தவள் என் இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்தாள்.

"அப்பா, ரெண்டும் சமமா போனா கடைசி வர சேராது இல்லா? பாக்குத பார்வையும் குண்டும் பேப்பர்ல வந்து ஒண்ணு சேரணும். பொட்டு கொஞ்சம் சரிஞ்சு பாக்கணும்."

கோடு சரிந்தால் என் தொழிலில் கெட்ட பெயர். இங்கே சரியாவிட்டால் பிழை. அவளே திருகிச் சரிசெய்து தந்தாள். அடுத்த ஐந்தும் நான் வட்டத்துக்குள் போட்டேன். என் வாழ்க்கையில் அப்படிச் சுட்டதில்லை. மாமன் கை தட்டினான். "இதாக்கும் பொருள்!" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

பிறகு அவள் சுட்டாள். தீப்பெட்டி அகலம் இப்போது உள்ளங்கை அகலமாகிவிட்டது.

"பொட்டு நல்லா இல்ல அப்பா. வாலு இருக்கு."

"என்ன வாலு?"

"ஒரு பக்கமா இழுத்துட்டு போவுது. வெரல்ல குங்குமம் எடுத்துத் தேச்ச மாதிரி. இதுல எத நடுவுன்னு வைக்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். உருண்டை. உங்கள் அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். உருண்டை. இளையவளும் பார்த்தாள். உருண்டை. மாமனும் உருண்டை என்று சொல்லி, பொட்டின் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தான்.

"இப்ப?"

"வாலு சின்னதாச்சு. போவல்ல."

பேட்டரியை மாற்றினோம். கண்ணாடியைத் துடைத்தோம். அவளுக்கு மட்டும் வால் போகவில்லை. நான்கு பேர் உருண்டை என்கிறோம், ஒருத்தி வால் என்கிறாள். தேர்வைப் பற்றிய பயத்தில் சாக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எனக்க வயசுக்கு எனக்கு உருண்டையா தெரியுது. உனக்கு என்ன வாலு? சுட மனசில்லன்னா அத சொல்லு."

அவள் பிஸ்டலை மெதுவாகப் பலகைமேல் வைத்தாள். வீட்டில் அவளே போட்ட சட்டப்படி, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டுத்தான் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தேநீர் தருவதைக்கூட "அப்பாவுக்கு சாயை" என்று அம்மாவிடம்தான் சொல்லுவாள்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போன இடத்தில் புது ரசமட்டம் ஒன்று கொடுத்தார்கள். நீர்க்குமிழ் உள்ள மட்டக்கோல்தான். புது ரசமட்டத்தை நாங்கள் யாரும் உடனே நம்ப மாட்டோம். தரையில் வைத்துக் குமிழ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்போம். கோலைத் திருப்பிய பிறகும் குமிழ் தரையின் அதே பக்கம்தான் போகிறது என்றால், கோல் நல்லது, தரையில்தான் சரிவு. கோலோடு சேர்ந்து குமிழும் பக்கம் மாறினால் கோல் கேடு. அன்றைக்கு அதைச் செய்துகொண்டிருக்கும்போதே குழாயின் ஞாபகம் வந்தது. குழாய் நல்லது என்று அவளுக்கு நிரூபித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அவளை ஜெயிக்கத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் குழாயைப் பிஸ்டலிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"சொவரப் பாத்துப் பிடி. வாலு எந்தப் பக்கம்?"

வேண்டாவெறுப்பாகப் பார்த்தாள். "வலப்பக்கம் மேல."

நான் குழாயைப் பிடித்து, இருந்த இடத்திலேயே கால்வட்டம் உருட்டினேன். "இப்ப?"

"வலப்பக்கம் மேல."

தலைகீழாக்கினேன். "இப்ப எங்க?"

"அங்கதான் அப்பா. வலப்பக்கம் மேல. இது என்ன வெளையாட்டு?"

"தலைய தோள்ல சாய்ச்சுட்டுப் பாரு."

சாய்த்தாள். "தலையோட சேந்து வாலும் சாயுது," என்றாள்.

குழாய் நல்லதுதான். நான் நினைத்தது நிரூபணமாகிவிட்டது. கோல் சரி, தரையில்தான் சரிவு. ஆனால் இங்கே தரை என்பது என் பிள்ளையின் கண். அம்மாதான் அடுக்களையிலிருந்து, "இஞ்ச பாருங்க, அந்தப் பிள்ளைய ஒரு கண்ணு டாக்டர்கிட்ட காட்டப்பிடாதா?" என்று கேட்டாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் காட்டினோம். வலது கண்ணில் சிலிண்டர் பவர் என்று டாக்டரம்மா சொன்னார். கண்ணின் முன்பக்கம் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறதாம். குளியலறைத் தரை ஒரு பக்கம் மட்டும் சரிந்திருப்பது மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். சின்ன வெளிச்சப் பொட்டைப் பார்த்தால் அது இழுபடும். கட்டையைப் பார்த்தால் விளிம்பு மங்கும். எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாதாம். எப்போதிலிருந்து என்பது எனக்குத் தெரியும். நாணயம் தீப்பெட்டியான நாளிலிருந்து.

அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் நன்றாகத் தெரிகிறது என்று கேட்டேன். டாக்டரம்மா என் வயதைக் கேட்டுச் சிரித்தார். என் வயதில் பக்கத்தில் உள்ளது மங்கும். தூரத்தில் உள்ளது தெரியும். முன்கட்டை பக்கத்தில் இருக்கிறது. பொட்டோ, குழாய்க்குள் இருந்தாலும் தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குப் படும்படி செய்திருக்கிறார்களாம். கட்டைவிரல் நீளக் குழாய்க்குள் உள்ள ஒன்று எப்படித் தூரத்தில் இருக்கும் என்று மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆக அந்தப் பொருள் என் கண்ணுக்குப் பொருத்தம். நான் எந்தப் போட்டியிலும் சுடுகிறவன் இல்லை.

பின்தகட்டைப் பென்சில் கோட்டில் மறுபடி மாட்டிய பிஸ்டலோடு, அங்கிருந்தே பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். கோச் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். பிஸ்டலைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது.

"ரியர் சைட் ஆர் ஊரி? யாரு கழற்றினது?"

பின்தகட்டைக் கழற்றியது நான்தான் என்றேன். பென்சில் கோட்டைக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், திருகுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்றெ சேட்டா, இந்தக் கோடு வச்சு தரையா போடுன்னது? எல்லா செட்டிங்கும் போயி."

நான் குழாயை நீட்டினேன்.

"செலக்‌ஷனுக்கு இது பற்றில்ல சேட்டா. இந்தப் போட்டிக்கு ஓப்பன் சைட் மாத்ரம்."

பள்ளமும் கட்டையும் உள்ளதைத்தான் ஓப்பன் சைட் என்கிறார். போட்டிக்கு ஆகாது என்றால் எதற்கு விற்கிறார்கள்? கேட்டேன். வேறு வகைச் சுடுதலுக்கு அது நல்லது, வேகமாகக் குறி பிடிக்கலாம் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, கை நடுக்கம் எவ்வளவு என்று பார்க்கப் பயிற்சியிலும் அது நல்லது, பொட்டு ஆடுவது அப்படியே தெரியும் என்றார். பிறகு, ஆனால் அதில் பழகினால் ஓப்பன் சைட் கை கெட்டுப்போகும் என்றார். மூன்றையும் ஒரே மனிதர், நின்ற இடத்திலேயே சொன்னார். வெளியே வந்து மாமனுக்குப் போன் போட்டேன். "அந்த ஆளுக்கு என்ன தெரியும் அத்தான்? பட்டாளத்துல கேட்டுப் பாருங்க," என்றான்.

கண்ணாடி வர நான்கு நாள் ஆயிற்று. போட்டதும் அவளுக்குத் தரை சரிந்து தெரிந்தது. வீட்டு முற்றத்தில் நான் போட்ட டைல்ஸைப் பார்த்து, "அப்பா, இது மட்டமாத்தான் இருக்கா?" என்று கேட்டாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். தேர்வுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். காலை முதல் பஸ்ஸில் போய், கோச் பக்கத்தில் நிற்க, பின்தகட்டின் திருகுகளை முதலிலிருந்து திருகிப் பழைய அளவைத் தேடினாள். நான் துடைத்து எடுத்ததை அவள் ஒவ்வொரு குண்டாகச் சுட்டுத் தேட வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மன்னிப்பு என்று வாயில் வரவில்லை. "திருகு இறுகிப்போச்சா? எண்ணெய் வேணுமா?" என்றுதான் வந்தது. "எண்ணெய் ஒண்ணும் வேண்டாம், நீங்க தொடாம இருந்தா போதும்," என்றாள்.

தேர்வு நாளில் மண்டபத்துக்கு வெளியே பெற்றோர்கள் நின்றோம். வெள்ளறடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா, மகன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நீங்க ரெட் டாட் வாங்கினியளாமே. பிரயோசனம் உண்டா? நானும் ஒண்ணு வாங்கட்டா?"

"உண்டு," என்றேன். பிறகு, "இல்ல," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பிள்ளைக்கு கண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மூத்தவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மூக்கில் அழுத்திய இடம் சிவந்திருந்தது. தொடக்கத்தில் சிதறியதாம், பாதிக்குப் பிறகு நாணயத்துக்குள் வந்ததாம். ஒட்டிய பட்டியலில் முதல் வரிசைகளில் அவள் இல்லை. கீழே, கோடு போட்டு, அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

"ரிசர்வ்," என்றாள்.

"அப்படின்னா உண்டா, இல்லயா?"

"டீமோட போவேன் அப்பா. யாராவது வரல்லன்னா சுடுவேன்."

"எல்லாரும் வந்தா?"

"பாத்துட்டு இருப்பேன்."

உண்டா இல்லையா என்று மறுபடி கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பாறசாலை தாண்டும்வரை அதையே யோசித்தேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளைத் தூரத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குழாயை எடுத்துக் கண்ணாடியோடு பார்த்தாள். கழற்றிவிட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"வாலு?" என்று இளையவள் கேட்டாள்.

"கண்ணாடி போட்டா இல்ல."

"அப்ப இனி இத வச்சு சுடலாம் இல்லா?"

"எனக்கு என்னத்துக்கு? இப்ப கட்டையே நல்லா தெரியுது." பனியன் துணியில் அவளே சுற்றி, என் லேசர் பெட்டிக்குள் வைத்தாள். "இது அப்பாவுக்க கண்ணுக்கு உள்ளதாக்கும். அப்பா வச்சுக்கிடட்டு."

இந்தத் தடவை கிடைக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. ரிசர்வ் என்பது கிடைத்ததா கிடைக்காததா என்று அவள் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று தெரியாமல், திங்கட்கிழமை விடியும்போதே விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். கொடியில் அவளுடைய பயிற்சிச் சட்டை இல்லை. அலமாரிமேல் பிஸ்டல் பெட்டி இருந்த இடமும் காலி.

"முதல் பஸ்ஸுக்கு போயாச்சு," என்றாள் அம்மா. "சாயை குடிக்கியளா?"

குடித்தேன்.